நனைந்த பாய்

அந்த முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் இருக்கிறீர்கள். முட்டி வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், பேரப்பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுக் கோயில் காம்பவுண்டில் நின்று பேசுகிறவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் அக்காவுக்காக நடந்த நன்றி ஆராதனையில், நீங்கள் அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அன்று இடி இடித்தது என்றார் ஒருவர். குற்றாலச் சாரலில் இடி ஏது? அவள் அழுதுகொண்டே எழுந்தாள் என்றார் இன்னொருவர். அவள் அழவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். நடந்ததை நடந்த வரிசையில் வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகையால் வரிசையாகவே சொல்கிறேன்.

அக்கா அந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தாள். எனக்குப் பதினோரு வயது. அப்பா தென்காசி தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலையில் இருந்தார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, சுரண்டையில் மருந்துக்கடை வைத்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பரீட்சை முடிந்த மறுநாளே அக்கா சுரண்டை பஸ் ஏறிவிடுவாள். விடுமுறை முழுக்க அந்தக் கடைதான். டெட்டாலும், பழைய அட்டைப்பெட்டியும், வைட்டமின் மாத்திரையின் புளித்த வாடையும் கலந்த ஒரு மணம் அங்கே இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் தாவணியில் இரண்டு நாளைக்கு அது போகாது.

டாக்டர்கள் எழுதும் சீட்டுகளை வாசிப்பதில் சித்தப்பாவுக்குத் தடுமாற்றம். அக்காவிடம் நீட்டுவார்.

"இது மருந்தா பிள்ள, மண்புழு ஊந்த தடமா?"

"மருந்துதான் சித்தப்பா. கீழ இருக்குல்லா, அதுதான் மண்புழு. டாக்டரு கையெழுத்து."

கடைக்கு வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். சித்தப்பாவின் கடை அடுத்தவர் சான்றிதழில் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்கு ஓர் உறுத்தல். அக்கா பார்மசி படித்துவிட்டு வந்தால் லைசென்சை அவள் பெயரில் எடுத்துவிடலாம், தனக்குப் பிறகு கடையும் அவளுக்கே என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் வாங்கியாயிற்று. அவர் அவசரக்காரர். வகுப்பு தொடங்குமுன்பே தையல்காரரிடம் அளவு கொடுத்து வெள்ளைக் கோட்டு தைத்துவிட்டார். இடது பக்கம் பேனா செருக ஒரு பை. அக்கா அதைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று, "அடுத்தாளு வாங்க" என்று கூப்பிட்டது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. நான்தான் அடுத்த ஆள். எனக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். புளி மிட்டாய் கொடுத்தாள்.

கல்லூரி திறக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போதுதான் முகாம் வந்தது.

சேகரத்து, அதாவது சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்த, வாலிபர் முகாம். ஐந்தருவிக்குப் போகும் வழியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பின்பக்கம் ஓடு வேய்ந்த நீளமான ஹால். நம் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றும், சபைக் குருவானவரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வோம். வெளியூர்க்காரர் யாராவது இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். ஐயர்தான் மூன்று நாளும் பிரசங்கம். சமையலுக்கு மாதர் சங்கம். அம்மா சங்கத்தில் இருந்ததால் நானும் போனேன்.

அருவிக்கு மூன்றாம் நாள்தான் விடுவோம் என்று ஐயரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அருவிச் சத்தம் ஹாலுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. பையன்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே வசனம் கேட்டார்கள். மேற்கே புளியறைக் கணவாயிலிருந்து காற்று வந்து சாரலைச் சன்னல் வழியாக உள்ளே தள்ளியது. கோரைப்பாய்கள் எல்லாம் நசநசத்து, ஒரு பச்சைப் புல் வாடை அடித்தது. மங்குஸ்தான் தோலை யாரோ பாய்க்கடியில் ஒளித்திருந்தார்கள். என் வெள்ளைப் பாவாடையில் அதன் கறை கடைசிவரை போகவே இல்லை.

இரண்டாம் நாள் மதியக் கூட்டம். அக்காவும் நானும் ஒரே பாயில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தோம். எங்கள் தலைக்கு மேலே ஓர் ஓடு உடைந்திருந்தது. காலையிலேயே அதன் நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். டொக், டொக் என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஐயர் குரலைத் தாழ்த்தும்போதெல்லாம் வாளி பேசியது. பையன்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

ஐயரம்மா எழுந்தார்கள். "வசனமா கேக்குது, வாளியா கேக்குது? மொதல்ல அத எடுங்க."

அம்மாதான் வந்து எடுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் வாளிக்குப் பற்றாக்குறை. இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி களைய அது வசதியாகப் போயிற்று.

சத்தம் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. அக்காவின் பின்னால் பாயில் விழுந்து, கோரையின் வரிவழியே ஓடி, அவள் பாவாடைக்குள் ஏறியது.

"ஏட்டி, தள்ளி உக்காரு. நனையுது" என்றாள் அக்கா.

"எங்கன தள்ள? தூணு இருக்கு."

அதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது. யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது என்றார் ஐயர். ஆண்டவருடைய வேலைக்கென்று தன்னைக் கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஆர்மோனியக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவர் காத்திருக்கிறார்" என்றார் ஐயர். கொஞ்சநேரம் கழித்து, "இன்னும் காத்திருக்கிறார்" என்றார். எனக்குக் கண்ணை மூடி வைத்திருக்கும் பொறுமை எப்போதுமே கிடையாது. ஆகவே நான் பார்த்தேன்.

தண்ணீர் தொடைவரை வந்துவிட்டது போலிருக்கிறது. அக்கா சட்டென்று எழுந்தாள். பாவாடையின் பின்பக்கத்தைக் கையில் சேர்த்துப் பிடித்து, பிழிவதற்கு ஒரு சுற்று முறுக்கினாள்.

"ஸ்தோத்திரம்! ஒரு சகோதரி எழுந்துவிட்டாள்!"

அவள் கை அப்படியே நின்றது. முறுக்கிய துணியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது. என்னைப் பார்த்தாள். தப்பான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்த பிறகு அது தெரிந்தவளின் முகம் அது. உட்காரலாம் என்றால் உட்காரும் இடமும் ஈரம்.

அவளைப் பார்த்துத்தான் நீங்கள் எழுந்தீர்கள். ஒருவர் பின் ஒருவராக, ஆர்மோனியம் நிற்பதற்குள் ஹாலில் பாதிப் பேர் நின்றீர்கள். சிலர் அழுதீர்கள். அது பொய் அழுகை என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் அருவியில் குளித்துவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, வீட்டுக்குப் போனீர்கள். பிறகு வங்கிக்குப் போனீர்கள், மின்சார வாரியத்துக்குப் போனீர்கள், துபாய்க்குப் போனீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்து யாரும் கேட்கவில்லை. ஐயருடைய மகளும் அந்த ஹாலில்தான் இருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடு நன்றாக இருந்தது. பின்னால் இன்ஜினியர் ஆனாள்.

ஐயர் இறங்கி வந்து அக்காவின் தலையில் கைவைத்தார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை அவளுக்கென்று கொடுத்தார்: "உங்களை அழைக்கிறவர் உண்மையுள்ளவர், அவர் அப்படியே செய்வார்." முதலில் எழுந்தவள் என்பதால் அவளுக்கு மட்டும் தனி வசனம்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அம்மா அந்த வாளியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எம்மா, அக்கா சும்மா எந்திரிச்சா. நீ வாளிய எடுத்துட்டு வந்துட்டல்லா, பாயெல்லாம் நனைஞ்சு போச்சு. அதுக்குத்தான் எந்திரிச்சா."

அடி கன்னத்தில் விழுந்தது. ஈரக்கை. இரண்டு மூன்று அரிசி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"கர்த்தரு காரியத்துல வாய வச்ச, நாக்க இழுத்து அறுத்துருவேன்" என்றாள். அப்புறம் அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சந்தோஷக் கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்.

முகாம் முடிந்த வாரம் ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாயங்கால வேளை. அப்பா ஆபீசிலிருந்து வந்து கைகால் கழுவி, வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வடக்கே ஒரு வேதாகமப் பள்ளியில் அக்காவைச் சேர்க்கலாம், ஆகஸ்டிலேயே போகலாம் என்றார் ஐயர். அக்கா அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்கு ஊழியத்துக்குன்னு எந்திரிக்கல. பாய் நனைஞ்சு போச்சு, அதான் எந்திரிச்சேன்."

அப்பாவின் முகம் கறுத்தது. ஐயர் கோபப்படவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"கிதியோனுக்கும் இதானம்மா நடந்தது! அவன் களத்துல போட்ட ஆட்டுத்தோல் நனைஞ்சது. ராத்திரி பெய்த பனியில தோல் நனைஞ்சு, காலையில அவன் பிழிஞ்சான், ஒரு கிண்ணம் தண்ணி வந்தது. நீயும் பாவாடையப் பிழிஞ்சியாமே?"

"கிதியோன் அடையாளம் கேட்டான் ஐயா. நான் கேக்கலயே."

"கேக்காமலே தந்திருக்காரு. அவனவிட நீ பாக்கியவதி."

"எனக்கு நாலு பேருக்கு முன்னால பேச வராது."

"மோசேயும் அப்படித்தான் சொன்னாரு" என்றார் அப்பா.

"நான் பார்மசி படிக்கப் போறேன்ப்பா. சித்தப்பா கோட்டெல்லாம் தச்சு வச்சிருக்காவ."

"யோனாவும் வேற ஊருக்குத்தான் டிக்கெட் எடுத்தான்" என்றார் ஐயர். அம்மா கொண்டுவந்த காப்பியை வாங்கிக்கொண்டார்.

மாட்டேன் என்று அவள் எந்த வழியாகச் சொன்னாலும், அந்த வழியில் ஏற்கெனவே ஒரு தீர்க்கதரிசி நின்றுகொண்டிருந்தார். மறுத்தவர்கள் எல்லாம் கடைசியில் போனவர்கள். ஆகவே மறுப்பதே போவதற்கு அடையாளம். சரி என்று சொன்னால் அழைப்பு. இல்லை என்று சொன்னால் பெரிய அழைப்பு. நம்மைப்போல ஞாயிறு பள்ளியில் வளர்ந்த பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் இப்படி மடக்க முடியாது. அக்காவுக்கு எல்லாக் கதையும் தெரியும். அதுதான் அவளுக்கு வினையாயிற்று. கடைசியில் அவளே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நீ பாத்தல்லா? பாய் நனைஞ்சுதான இருந்தது?" என்று கிணற்றடியில் வைத்து என்னிடம் கேட்டாள்.

"ஆமாக்கா. எங் காலுலகூடச் சொட்டுச்சு."

"ம்" என்றாள். அதை நான் சொல்லக் கேட்பது அவளுக்குத் தேவையாக இருந்தது. ஆனால் பதினோரு வயதுக்காரியின் சாட்சியை வைத்து அவள் என்ன செய்ய முடியும்?

சித்தப்பா செய்தி கேட்டு சுரண்டையிலிருந்து ஓடிவந்தார். கையில் கோட்டு இருந்த பை. வாசலிலேயே செருப்போடு நின்றார்.

"அண்ணே, பிள்ளைக்கு இஷ்டமில்லன்னு சொல்லுதா. உனக்குக் காது கேக்கலயா?"

"இது அவ இஷ்டமும் இல்ல, உன் இஷ்டமும் இல்ல. அழைச்சவரு இஷ்டம்."

"அழைச்சவரு என்னைக்கு உன் ஆபீசுக்கு வந்து சொன்னாரு? ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினாரோ?"

"வெளிய போ" என்றார் அப்பா.

சித்தப்பா போய்விட்டார். பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா போன பிறகு, அம்மா எதையும் வீணாக்காதவள், அந்தக் கோட்டை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்தாள். ஒரு உறையின் ஓரத்தில் பொத்தான் துளை அப்படியே இருந்தது. படுத்துக்கொண்டு அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். பல வருடம் அதில்தான் படுத்தேன். பிறகு எந்தப் பழந்துணிக்காரனிடம் போயிற்று என்று தெரியாது.

அக்கா ரயிலேறிய அன்று, அப்பா வழியனுப்ப வந்தவர்களோடு நின்று பாட்டுப் பாடினார். அவ்வளவு சத்தமாக அவர் பாடி நான் கேட்டதில்லை. அக்கா சன்னலுக்கு உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தாள். கூட்டத்தில் சித்தப்பா இல்லை. அவரைத் தேடியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் அப்பா விளம்பரப் பலகை எழுதும் ஓவியரை அழைத்து, முன் அறையில் வாசலுக்கு மேலே அந்த வசனத்தை நீல எழுத்தில் எழுதவைத்தார். வருகிற எல்லோருக்கும் அதைக் காட்டுவார். "மூத்தவள ஆண்டவருக்குக் கொடுத்தாச்சு" என்பார். கொடுத்தாச்சு என்று சொல்லும்போது அவர் தோள் இறங்கி, முகம் லேசாகும். சுமையை இறக்கிவைத்த ஆளைப்போல. அது என்ன சுமை என்று எனக்கு நெடுநாள் தெரியாது.

அக்கா படிப்பு முடித்து, ஒரிசா மலைப்பக்கம் அனுப்பப்பட்டாள். பிரசங்கம் பண்ணத் தெரியாது என்று கொஞ்ச நாளிலேயே கண்டுகொண்டு, அங்கேயிருந்த சின்ன மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் வேலையில் வைத்தார்கள். படிக்காமலே மருந்தாளுநர் ஆனாள். சான்றிதழ் இல்லாததால் எந்தக் காலத்திலும் சம்பளம் உதவியாளர் சம்பளம்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் மேடையில் ஏற்றினோம். அவள் ஒரு நிமிடம் நின்று, "எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்று இறங்கிவிடுவாள். தாழ்மை என்று புகழ்ந்தீர்கள்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவளுக்குக் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். இடது காது போய்விட்டது.

"அந்த ஊசி போட்டா காது போகும்னு எனக்குத் தெரியும்ட்டி" என்றாள், வீட்டுக்கு வந்திருந்தபோது. "சித்தப்பா கடையில மேல்தட்டுல இருக்கும். டப்பாவுக்குள்ள ஒரு தாள் வச்சிருப்பான், பொடி எழுத்துல. அத நான் வாசிச்சிருக்கேன்."

"பொறவு ஏன் போட விட்ட?"

"அங்கன அது ஒண்ணுதான் இருந்தது."

அப்பா செத்தபோது அக்காவால் வந்து சேர முடியவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சித்தப்பா முன் அறையில் உட்கார்ந்து சுவரிலிருந்த நீல எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடம் அவர் எங்கள் வாசல்படி ஏறவில்லை.

"உங்கப்பன் சொல்லியிருக்கானா?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"அவனும் எந்திரிச்சவன்தான். வாலிபத்துல, இதே மாதிரி ஒரு கூட்டத்துல. நா பக்கத்துல இருந்தேன். பாய் நனையாமலே எந்திரிச்சான், நெசமாவே எந்திரிச்சான். பொறவு தபாலாபீசு வேல வந்துச்சு, கல்யாணம் ஆச்சு. போகல. உனக்கும் அக்காவுக்கும் நடுவுல ஒரு பையன் பொறந்து செத்தாம்லா, அன்னையிலேருந்து பயம். 'நா போகாததுக்குத்தான் இது'ன்னு எங்கிட்ட வந்து அழுதான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் எந்திரிச்ச எந்திரிப்புக்கு, அவ நடந்துட்டு இருக்கா."

அப்பாவை அன்று நான் முழுதாக வெறுத்தேன் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. அவர் தன் பயத்துக்கு மகளை அனுப்பிவைத்தார் என்று தெரிந்தது. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு ஆள் அகப்படவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எல்லாம் தெரியும். வாளிய எடுத்தவ நாந்தான்" என்றாள். சில வருடம் கழித்து அவளும் போனாள். சித்தப்பாவும் போனார். மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

அக்கா ஓய்வுபெற்று இந்த வருடம்தான் வந்து சேர்ந்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி. என்னோடு இருக்கிறாள். கிறிஸ்துமசுக்கு இன்னும் நாள் இருந்தாலும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தேன். முன் அறைக்கு வந்ததும் பெயின்டர் தம்பி அந்த நீல எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"எக்கா, இதயும் அழிச்சுரவா?"

நான் அழி என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ வருடமாக அதன் கீழேதான் செருப்பு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு நாளும் அதை நிமிர்ந்து வாசிக்கவில்லை.

"கெடக்கட்டும். அதுல ஒரு தப்பும் இல்ல" என்றாள் அக்கா.

பெயின்டர் போன பிறகு அவள் வலது காதுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். "எப்படிக்கா தப்பு இல்லன்னு சொல்லுத? அதச் சொல்லித்தான உன்னை அனுப்பினாங்க?"

"நீ அத ஒழுங்கா வாசிச்சிருக்கியா? அதுக்கு முந்தின வசனத்தயும் சேத்து?" ஒவ்வொரு சொல்லாக, மருந்துச் சீட்டை விளக்குவதுபோலச் சொன்னாள். "ஆவி, ஆத்துமா, சரீரம் எல்லாத்தயும் அவரு காப்பாத்தணும்னு ஒரு ஜெபம். அப்புறம், அழைக்கிறவரு உண்மையுள்ளவரு, அவரே செய்வாருன்னு ஒரு முடிவு. கூப்புடுறது அவரு வேல. செய்யுறது அவரு வேல. உண்மையா இருக்கதும் அவருதான். அதுல எனக்கு ஒரு வேலயும் வைக்கல. நம்ம வீட்டுலதான் அத என் தலையில எழுதுனாவ."

"அப்ப அவரு உண்மையா இருந்தாரா? உன் காது போச்சே."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"அவரு மேல எனக்குக் கோவமே இல்லட்டி. அவரு என்னைக் கூப்புடவே இல்ல. கூப்புடாத ஆளப் போயி, ஏன் சொன்னபடி செய்யலன்னு எப்படிக் கேக்க? அங்கன மலையில, மொத வருசம் தினம் காத்துக்கெடந்தேன். கூப்புட்டா நல்லாருக்குமேன்னு. கூப்புடல. பொறவு புள்ளைகளுக்குக் காய்ச்சல், மருந்து கலக்கணும், நேரமில்லாமப் போச்சு." சிரித்தாள். "கூப்புட்டது ஐயரு. கூப்புட்டது அப்பா. அவங்க உண்மையுள்ளவங்கன்னு எந்த வசனத்துலயும் போடல."

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். நம்மில் வேத பாடத்தில் பரிசு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்த வசனத்தை அவளைப்போல வாசித்தவர் ஒருவரும் இல்லை.

இனி நன்றி ஆராதனை. நீங்கள் அங்கே இருந்தீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போதிருக்கும் ஐயர் இளவயதுக்காரர், முகாம் நடந்தபோது பிறந்திருக்க மாட்டார். பொன்னாடை, பூச்செண்டு, பெரிய பேனர். பேனரில் அதே வசனம். அக்காவை முன் வரிசையில் சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்திருந்தீர்கள். அவள் வலது பக்கம் நான்.

அன்று காலை அவள் என்னிடம் கேட்டிருந்தாள். "இன்னைக்குச் சொல்லிரவா?"

"சொல்லுக்கா. இனி உன்னை எங்கன அனுப்பப் போறாங்க?"

நாற்பது வருடத்துக்கும் மேலாக அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாராவது ஒரு தடவை அதைக் கேட்டு, ஆமாம், அப்படித்தான் நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவள் போன வாழ்க்கையைத் திருப்பித் தரும்படி யாரையும் கேட்கவில்லை.

மைக்கைக் கொடுத்தார்கள். அவள் பேசினாள். எப்போதும்போல ஒரு நிமிடம்தான்.

"நான் அந்த முகாமுல அழைப்பக் கேட்டு எந்திரிக்கல. ஓடு ஒழுகி, பாய் நனைஞ்சு போச்சு. பாவாடையப் பிழியத்தான் எந்திரிச்சேன். அப்பவே சொன்னேன். யாரும் கேக்கல. இப்பவும் சொல்லுதேன். நான் பாத்த வேலைக்கு வருத்தப்படல. ஆனா என்னை அவரு அழைச்சாருன்னு இனி யாரும் சொல்லாதிங்க. அவரு பேருல பொய் சொல்லக் கூடாதுல்லா."

ஒரு கணம், நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். உங்களில் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்த்தேன்.

இளம் ஐயர் மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல பையன்தான்.

"எவ்வளவு ஆழமான சாட்சி!" என்றார். "கிதியோனுக்குத் தோலை நனைத்தவர், நம் அம்மாவுக்குப் பாயை நனைத்திருக்கிறார்!"

நீங்கள் கைதட்டினீர்கள். பின்வரிசையில் யாரோ அல்லேலூயா என்றீர்கள். தலையைக் குனிந்தவர்களும் நிமிர்ந்து தட்டினீர்கள்.

அக்காவுக்குக் கைதட்டல் மட்டும் கேட்டிருக்கிறது. ஐயர் சொன்னது அவள் இடது பக்கமிருந்து வந்தது. நாற்காலிக்கு வந்து, நல்ல காதை என் பக்கம் சாய்த்தாள். அவள் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. கண்ணாடி முன்னால் கோட்டுப் போட்டு நின்ற அன்றைக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"என்னட்டி சொன்னாரு? நம்பிட்டாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவளிடம் எல்லோரும் சொன்ன பொய் போதும்.

"கிதியோன், அக்கா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். பொன்னாடை நழுவி என் மடியில் விழுந்தது. கண்ணோரத்தில் வந்ததை விரலால் துடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நீங்கள் இதையும் தப்பாகச் சொல்லக்கூடும்.

"ஆசீர்வாதத்துக்காக எல்லோரும் எழுந்து நிற்போம்" என்றார் ஐயர்.

கோயில் முழுக்க எழுந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று நினைத்திருப்பீர்கள். அவளுக்கு முட்டி வலி கிடையாது. மலை ஏறி இறங்கிய கால். எழுவதற்காக நாற்காலியின் கையைப் பிடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, நாற்காலி நனைஞ்சிருக்கா பாரு."

தடவிப் பார்த்தேன். "இல்லக்கா. காஞ்சுதான் இருக்கு."

"அப்ப எந்திரிக்க வேண்டாம்" என்றாள்.

நானும் உட்கார்ந்துகொண்டேன்.